தேத்தண்ணிக் கடைக்காரன் மகனின் தாகம்

கபிலா,

இந்தக் கடிதத்தை உன் பையில், போர்வைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை குளுவாங் டயாலிசிஸ் மையத்தில் ஊசி குத்தி மெஷினில் இணைத்த பிறகுதான் நீ அந்தப் போர்வையை எடுப்பாய். அதன் பிறகு நாலு மணி நேரம் நீ எழுந்து போக முடியாது. நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ எழுந்து போய்விடுவாய். அந்த அனுபவம் நம் இருவருக்கும் நிறைய உண்டு. அதனால் யோசித்து, இடம் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

நாம் பேசிக்கொண்டு மூன்று வாரம் ஆகப்போகிறது. ஆனாலும் திங்கள், புதன், வெள்ளி என்று ரெங்கத்திலிருந்து குளுவாங் வரை ஒரே காரில்தான் போகிறோம். நீ ஜன்னல் பக்கம் பார்க்கிறாய். நான் முன்னால் போகும் செம்பனைக் குலை லாரியைத் திட்டுகிறேன். ரேடியோதான் நமக்குப் பதிலாகப் பேசிக்கொண்டு வருகிறது. வீட்டில் உன் அம்மா இரண்டு பக்கமும் சேதி கொண்டுபோய்க் களைத்துவிட்டாள். நேற்று உன் கல்யாணச் சட்டையைப் பற்றி என்னிடம் கேட்க வந்தவள், பாதியிலேயே நிறுத்திவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே மாதிரி மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கீங்க லா. யார்கிட்ட என்னா சொன்னேன்னே எனக்கு மறந்து போவுது” என்று சமையலறைக்குப் போய்விட்டாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் அப்பனும் பேசாமல் இருப்பது எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்து பாகாட்டில் அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்த ஊரில் தேன்மொழி வீட்டுக்கு நாள் குறிக்கப் போனோம். நம் பக்கத்துப் பெண்கள் வெற்றிலை பாக்கு, பழம், இனிப்பு, சேலை என்று தட்டு தட்டாக வைத்தார்கள். கடைசித் தட்டில் நான் அந்த ஜக்கை வைத்தேன். சிவப்பு டேப் ஒட்டிய நம் வீட்டு ஜக். தினமும் காலையில் டேப் வரைக்கும் தண்ணீர் ஊற்றி வைப்போம். நீ எங்கே எதைக் குடித்தாலும் அதே அளவை ஜக்கிலிருந்து எடுத்துக் கீழே ஊற்றிவிடுவோம். ஜக் காலியானால் அன்றைக்குக் குடிக்க வேண்டியது முடிந்தது என்று அர்த்தம். உன் உயிரை இத்தனை வருடம் பிடித்து வைத்திருந்தது அந்த ஜக்தான் என்பது என் நினைப்பு. அதனால் மஞ்சள் குங்குமத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தபோது எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? “இந்தாம்மா, இனிமே இது உன் பொறுப்பு. இவன மட்டும் நம்பாத. கண்ணு அந்தண்ட போனா திருட்டுத்தனமா குடிச்சிருவான்” என்றேன். கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தேன்மொழி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, மெதுவாகத்தான் சொன்னாள். “மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் இவருக்கு பொண்டாட்டியா வர்றேன். ஜாகா வேலைக்கு வரல.” தொழிற்சாலை கேட்டில் டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருக்கும் காவல்காரனைத்தான் நாம் ஜாகா என்போம். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நீ அவளை அதட்டுவாய் என்று பார்த்தேன். நீ தட்டிலிருந்து ஜக்கை எடுத்தாய். “பா, நான் என்னா மூணு வயசு பிள்ளையா? இத்தன பேரு முன்னுக்கு?” என்று கேட்டாய். அப்படியே காருக்குப் போய்விட்டாய். திரும்பி வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அன்றிலிருந்து எனக்குள்ளே நான் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தேன். கடையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே உனக்குப் பதில் சொல்வேன். நீ பயந்தாயா, நான் பயந்தேனா? அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? இப்படி.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இதுவரை பேசியதே இல்லை. உனக்கு டயாலிசிஸ் தொடங்கிய புதிது. டாக்டர் எல்லாவற்றையும் சொல்லித்தான் அனுப்பினார். சிறுநீர் எவ்வளவு போகிறதோ அந்த அளவு, அதற்கு மேல் அரை லிட்டர், அவ்வளவுதான் ஒரு நாளைக்கு என்றார். நானும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். சிறுநீரகத்தில் கோளாறு என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: உடம்பு சூடு, இளநீர் கொடு, பார்லி காய்ச்சிக் கொடு, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வெளியே போகட்டும். காஹாங்கிலிருந்து உன் சித்தப்பா அரை மூட்டை இளநீர் கொண்டுவந்தார். நானே கத்தி எடுத்துச் சீவினேன். பார்லியை நானே காய்ச்சினேன். அது மருந்துதானே, தண்ணீர்க் கணக்கில் அதை ஏன் சேர்க்க வேண்டும் என்று நினைத்தேன். வெளியே போகும் வழி அடைபட்டுப்போன உடம்பில் எல்லாமே உள்ளேதான் தங்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. உன் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு விட முடியவில்லை என்று சனிக்கிழமையிலிருந்து உட்கார்ந்தே இருந்தாய். ஞாயிறு மத்தியானம் உன் நெஞ்சுக்குள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் எனக்கு வெளியே கேட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர், “இளநீர் வேற குடுத்தீங்களா அங்கிள்? தண்ணி ஒரு பக்கம், அதுல உள்ள பொட்டாசியம் இவரு இதயத்தையே நிறுத்தியிருக்கும்” என்றாள். அன்றைக்கு வந்த பயம்தான், கபிலா. அது இன்னும் போகவில்லை.

அந்தப் பயம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது. தெருவே வந்து குடிக்கிற ஒட்டுக்கடைக்காரன் நான். தே தாரேக், கோப்பி, சீராப், மைலோ ஐஸ் என்று விடிந்ததிலிருந்து ஊருக்கே ஊற்றிக் கொடுப்பேன். பெற்ற பிள்ளையைக் கண்டால் மட்டும் கிளாஸைப் பிடுங்குவேன். ஒருநாள் கடை நிறைய ஆள்கள் இருக்கும்போது, நீ ஐஸ் பெட்டி பக்கம் குனிந்ததைப் பார்த்து, “டேய், கைய எடுடா!” என்று கத்தினேன். நீ கீழே விழுந்த கரண்டியை எடுக்கத்தான் குனிந்தாய். அதற்குப் பிறகு நீ கடைக்கு வருவதையே விட்டுவிட்டாய். ‘நல்லதாப் போச்சு, கண்ணுக்கு முன்னால் குளிர்பானம் இல்லை’ என்று நான் திருப்திப்பட்டேன். என் புத்தி அப்போது அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது.

உணவு ஆலோசகர் அந்த அம்மா என்னையும் உன் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தது உனக்கு நினைவிருக்கும். ஜக்கைக் காட்டி, ஒரு சொட்டுகூட அதிகம் கொடுப்பதில்லை, ஆனாலும் இவன் எடை ஏறிக்கொண்டே வருகிறது என்று நான் புகார் சொன்னேன். சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டார். உன் அம்மா பெருமையாகச் சொன்னாள். சம்பல், கருவாடு, ரசம், காலையில் கஞ்சி, அதற்குத் தொட்டுக்க நெத்திலி. அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “ரசமும் கஞ்சியும் தண்ணிதானே அக்கா? கருவாட்ட குடுத்துட்டு தாகம் எடுக்கக்கூடாதுன்னா அவரு என்னா செய்வாரு? தாகத்தோட சண்ட போடாதீங்க. உப்ப குறைங்க, தாகம் தானா குறையும்.” எனக்குக் கோபம்தான் வந்தது. வெளியே வந்து உன் அம்மாவைத் திட்டினேன். அவள் வீட்டுக்குப் போய், சம்பலுக்குப் போடும் உப்பு இறால் பசை, அந்த பெலாச்சான் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த ஒரு மாதம் நம் வீட்டுச் சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் இருந்தது. நான் கடையில் திருட்டுத்தனமாக நெத்திலிச் சம்பல் சாப்பிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன், அம்மாவிடம் சொல்லாதே. ஆனால் உன் தாகம் இறங்கியது உண்மை. கல்யாணத்துக்குப் பிறகு பத்து பாகாட்டில் குடியேறியதும் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதே. வெளியில் சாப்பிட்டால் குழம்பை மேலே ஊற்றச் சொல்லாதே. சூப்பும் ஐஸும் தண்ணீர்தான், தர்பூசணியும் தண்ணீர்தான்.

இன்னொன்று. அதிகமாக ஏறிய தண்ணீரை மெஷின் எடுத்துவிடும், அப்புறம் என்ன என்று ஒரு தீபாவளிக்கு நீ சொன்னாய். நானும் அன்றைக்கு உன்னை விட்டுவிட்டேன், தீபாவளிதானே என்று. நாலு கிலோ ஏறிப் போய் உட்கார்ந்தாய். மூன்று நாள் குடித்ததை நாலு மணி நேரத்தில் உருவினால் உடம்பு என்ன பாடு படும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். உன் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. நீ என் விரலைப் பிடித்து நசுக்கினாய். பிறகு பிரஷர் இறங்கி, கண் மேலே போய், நர்ஸ் மிஸிமார்கள் ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் இப்படி இழுத்தால் இதயம்தான் களைத்துப்போகும் என்று டாக்டர் பிறகு சொன்னார். என் சிறுநீரகமும் அம்மாவுடையதும், எங்கள் இருவருக்கும் உள்ள சர்க்கரை வியாதியால், உனக்கு வைக்க ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். இதயத்தையாவது நீ பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் அந்த ஜக்கைப் பிடித்துத் தொங்கினேன். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். நான் பயந்தது தப்பு என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. உன்னை விட்டுவிட்டு வெளியே வரும்போது அந்தப் பெரிய மிஸி என்னை நிறுத்தினாள். கல்யாணம் எப்போது என்று கேட்டுவிட்டு, “அங்கிள், நீங்க இடையில ஊர்ல இல்லையா?” என்றாள். கண் ஆபரேஷனுக்கு ஜொகூர் பாருவில் உன் அக்கா வீட்டில் தங்கியிருந்தேனே, அதைச் சொன்னேன். “அப்பவே நெனச்சேன். அந்த டைம்ல இவரு எடை ரொம்ப அழகா இருந்திச்சி. ஒரு தடவகூட கூட ஏறல. நீங்க திரும்பி வந்தீங்க, மறுபடியும் ஏறிடிச்சி” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். காருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் மேல் அப்படி ஒரு ஆத்திரம். இவளுக்கு என்ன தெரியும் என்று தனியாகப் பேசினேன். அப்புறம் ஆத்திரம் இறங்கியது.

யோசித்துப் பார்த்தேன். நான் வீட்டில் இருக்கும்போது நீ என் கண்ணுக்குத் தெரியாமல் குடிப்பதிலேயே இருந்திருக்கிறாய். குளியலறையில் குழாயைத் திறந்து, நான் வந்துவிடுவேனோ என்று அவசர அவசரமாக, எவ்வளவு என்று தெரியாமல் குடித்திருக்கிறாய். நான் இல்லாதபோது உனக்கு ஒளிக்க ஆள் இல்லை. சின்ன கப்பில் ஊற்றி, உட்கார்ந்து, ருசித்துக் குடித்திருக்கிறாய். உன் அம்மாவிடம் கேட்டேன். “ஆமா, எலுமிச்சம்பழத்த துண்டு போட்டு வாயில வெச்சிக்குவான். வாய கொப்புளிச்சி துப்புவான். அவனே அளந்துதான் குடிச்சான். உங்ககிட்ட சொன்னா நம்புவீங்களா?” என்றாள். நம்பியிருக்க மாட்டேன். அதே மிஸிதான் இன்னொன்றும் சொன்னாள். கல்யாணம் ஞாயிறு, இரண்டு நாள் இடைவெளியில் விழுகிறது, விருந்து வேறு என்று நீயே டாக்டரிடம் பேசி, சனிக்கிழமை காலையில் கூடுதலாக ஒருமுறை டயாலிசிஸ் போட ஏற்பாடு செய்துவிட்டாயாம். அதைக் கேட்க வேண்டும் என்று நானும் அன்றைக்கு நினைத்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாமல் போய்விட்டது, கபிலா. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு அழுகை வந்தது.

அதனால் இப்போது சொல்லப்போவது உத்தரவு இல்லை. கேட்டால் கேள், விட்டால் விடு. கல்யாணம் முடிந்ததும் புது மாப்பிள்ளை என்று பத்து பாகாட்டில் வீடு வீடாக விருந்துக்குக் கூப்பிடுவார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு கிளாஸ் நீட்டுவார்கள். குடிக்கவில்லை என்றால் முகம் சுளிப்பார்கள். கிளாஸைக் கையில் வாங்கிக்கொள், உதட்டில் வை, கீழே வைத்துவிடு. பேச்சு சுவாரசியத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இத்தனை வருடம் கடை நடத்தியவன் சொல்கிறேன், பாதிப் பேர் பாதிக் கிளாஸை வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். இன்னொன்று, தண்ணீர் எல்லாம் எடுத்த பிறகு நிற்க வேண்டிய எடை, டிரை வெயிட் என்று சொல்வார்களே, அது இனி இதே நம்பரில் நிற்காது. மாமியார் சாப்பாட்டில் நீ சதை போடுவாய். போட வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. அப்போது பழைய எடைக்கே இழுத்தால் காலைப் பிடிக்கும், தலை சுற்றும். புது மையத்தில் வாய்விட்டுச் சொல், நான் தேறியிருக்கிறேன், பாருங்கள் என்று. காய்ச்சலில் படுத்து எழுந்தால் கதை மாறும். சதை கரைந்துபோய் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். தராசு அதே நம்பரைக் காட்டும், ஆனால் மூச்சு வாங்கும். தராசைவிட உன் மூச்சை நம்பு. படுத்தால் மூச்சு முட்டுகிறதா, அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த ஒன்றை மட்டும் உத்தரவு என்றே வைத்துக்கொள்.

தேன்மொழியிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நேற்று போன் செய்தேன். நான் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், அவள் என்னைப் பேசவே விடவில்லை. “மாமா, அவரு என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. இளநீர் கதையக்கூட. நீங்க அவர தூக்கிக்கிட்டு ஓடுனத சொல்லும்போது அழுதுட்டாரு” என்றாள். அதை நீ என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பரவாயில்லை. சொல்ல வேண்டியவளிடம் சொல்லியிருக்கிறாய். அவள் நல்ல பெண், கபிலா. என்னைப் போலவே அவளுக்கும் ஒருநாள் பயம் வரும். உன் கையில் கிளாஸைப் பார்த்ததும் அவள் வாய் ‘போதும்’ என்று சொல்லிவிடும். அப்போது அவளை என்னோடு சேர்த்து வைத்துக் கோபப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டியதும் பால் பழம் கொடுப்பார்கள். ஆளுக்கொரு கரண்டி பாலும் ஒரு துண்டு வாழைப்பழமும் என்று சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். உனக்குப் பால் எவ்வளவு, இளநீர் மாதிரியே பொட்டாசியம் உள்ள வாழைப்பழம் எவ்வளவு என்பது எனக்கு மனப்பாடம். ஒரு வாய்க்கு மேல் ஊற்றாதே, பழத்தைச் சும்மா உதட்டில் தொட்டு எடு என்று சொல்ல உன் அத்தைக்குப் போன் போட எடுத்தேன். நம்பரை அழுத்திவிட்டு, அவள் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் நான் மண்டபத்தில் பந்தி பக்கம் போய் நின்றுகொள்வேன். மணவறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று யாராவது உன் காதில் ஓதினால் நம்பாதே. திரும்பிப் பார்த்தால் அங்கிருந்தே ‘போதும்டா’ என்று கத்திவிடுவேன், அதற்காகத்தான். நீ அவசரப்படாதே. எவ்வளவு வேண்டுமோ, அவள் கையால் வாங்கிக் குடி.

அப்பா